பத்துக்கு ஒன்பதரை

அவருக்கு மார்க்கு வாத்தியார் என்று பெயர். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஏழாம் வகுப்போடு உறவு அறுந்துபோயிற்று. ஒரு பிள்ளைக்குக்கூட அவர் பாடம் சொன்னதில்லை. அவர் மார்க்குப் போட்டது பழைய டிராக்டர்களுக்கு.

நாற்பது, ஐம்பது வருஷத்து வண்டிகளை வைத்து உழுகிறவர்களுக்கென்றே மாதம் ஒருமுறை பதினாறு பக்கத்தில் ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதில் கடைசிக்கு முந்தின பக்கம் அவருடையது. இரண்டு மாடல்களை எடுத்துக்கொள்வார். ஸ்டார்ட் ஆவது எப்படி, கியர் எப்படி, கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் எப்படி, பிரேக் எப்படி, உதிரிப் பாகம் கிடைக்குமா, எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு பிழைக்குமா என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று போட்டு, கடைசியில் எது தேவலை என்று ஒரு வரி எழுதுவார். பட்டறையில் முப்பது வருஷம் கை கறுத்த மனுஷன் சொல்கிறார், பொய் சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகிறது என்று அந்த ஒரு வரியை நம்பி வண்டி வாங்கினவர்கள் ஏராளம்.

அப்படி வாங்கினவர்களில் ஒருவன் செத்துப்போனான். அதற்கப்புறம் பதினொரு மாதம் வாத்தியார் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவன் மனைவி போன் செய்தாள்.

"அண்ணே, நான்தான் பேசறேன்."

யார் என்று அவர் கேட்கவில்லை.

"ரெண்டு வண்டி நிக்குது. ஒண்ணைத்தான் வச்சுக்க முடியும். எதை வச்சுக்கறது, எதைத் தள்ளிவிடறதுன்னு நீங்க வந்து பாத்துச் சொல்லணும். புதன்கிழமை நாலு மணிக்கு வாங்க, நான் வேலை முடிஞ்சு வந்துடுவேன்."

"சிவப்பு இன்னும் அங்கதான் நிக்குதாம்மா?"

"அங்கதான் நிக்குது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நிக்குதுன்னுதான் நெனைக்கிறேன்" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியம் இரண்டு நாளும் அவரைத் தூங்கவிடவில்லை.

செத்துப்போனவன் அவருக்குச் சிநேகிதன். முதலில் அவனிடம் இருந்தது சாம்பல் நிற வண்டி. அதற்கு அவன் வைத்த பெயர் மாப்பிள்ளை. "நாலு தடவை கூப்பிடணும், சூடா ஏதாவது குடுக்கணும், அப்புறம் இருமிக்கிட்டே எழுந்திரிப்பாரு. எழுந்தவுடனே வேலை சொல்லிட்டா கோவிச்சுக்கிட்டு நின்னுடுவாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். ஹீட்டர் பொத்தானை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்காமல் அது ஸ்டார்ட் ஆகாது. நடு வயலில் டீசல் பில்டர் அடைத்துக்கொண்டு நிற்கும். தூக்கின கலப்பை தானாகக் கீழே இறங்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாத்தியார் அந்தச் சாம்பல் மாடலையும் சிவப்பு மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினார். சாம்பலுக்கு நம்பகம் பத்துக்கு ஐந்து. சிவப்புக்கு ஒன்பதரை. "கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வரும். நடுவழியில் நின்று கழுத்தை அறுக்காது" என்று எழுதினார். அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய் அவன் சிவப்பை வாங்கிவந்தான். மாப்பிள்ளையை ஓரமாக நிறுத்தி வைத்தான்.

ஒரு வருஷம் சிவப்பு சொன்னபடி உழைத்தது. பிறகு ஒரு மதியம், வாய்க்கால் வளைவில், அவனோடு பக்கவாட்டில் கவிழ்ந்தது. வளைவு மோசம் என்றார்கள் எல்லோரும். விதி என்றார்கள். வாத்தியார் மட்டும் வாய் திறக்கவில்லை. பாடை எடுக்கிற வரைக்கும் கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார்.

புதன்கிழமை வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அவர் ஒரு மணிக்கே போய்ச் சேர்ந்தார். வீடு பூட்டியிருந்தது. கொட்டகைக்குக் கதவு கிடையாது. மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் திறந்த வயல். இடதுபுறம் சாம்பல், வலதுபுறம் சிவப்பு. சிவப்பின் ஒரு பக்கத்து மட்கார்டு நசுங்கி, ஸ்டியரிங் வளைந்து, முன் விளக்கு ஒன்று குழியாக இருந்தது. சீட்டைப் பார்க்காமல் முன்பக்கமாகப் போனார்.

பழைய வண்டியைப் பார்க்கப் போனால் அவர் முதலில் செய்வது ஒன்றுதான்: என்ஜின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்னால் ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள், ஆறிக் கிடந்தால் ஸ்டார்ட் ஆகாத வண்டி என்று அர்த்தம். எத்தனையோ தரகர்களை அந்த ஒரு கை வைப்பில் பிடித்திருக்கிறார். இப்போதும் பழக்கதோஷத்தில் சிவப்பின் மேல் கையை வைத்தார்.

சூடாக இருந்தது.

கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். வெயில் அந்த மூலைக்கு வருவதில்லை. பக்கத்திலிருந்த சாம்பல் மேல் வைத்துப் பார்த்தார், கல்லைப்போல் சில்லிட்டிருந்தது. திரும்பிவந்து சிவப்பின் சைலென்சரைத் தொட்டார். சுட்டது.

"யாரு?" என்று வயலைப் பார்த்துக் கூப்பிட்டார். யாரும் இல்லை. தகரம் மட்டும் வெயிலில் விரிந்து டக்கென்று ஒரு சத்தம் போட்டது. வாத்தியார் வெளியே போய், கொட்டகைக்கு முதுகைக் காட்டாமல், நாலு மணி வரைக்கும் வெயிலிலேயே நின்றார்.

அவள் வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். விதைக் கிடங்கில் எடை எழுதும் வேலை; காலை எட்டுக்குப் போனால் நாலுக்குத்தான் திரும்புவாள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை. நேராகச் சிவப்பிடம் கூட்டிக்கொண்டு போய், பின்னால் தகரத்தில் சாக்கட்டியால் எழுதியிருந்ததைக் காட்டினாள்: 6218.

"வண்டியைத் தூக்கிட்டு வந்து விட்ட அன்னிக்கு மீட்டர்ல இருந்தது இது. எதுக்கு எழுதினேன்னு தெரியல, எழுதினேன். இப்ப மீட்டரைப் பாருங்க."

என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் அது. 6231 என்று காட்டியது.

"இது தானா ஓடுமா அண்ணே?"

"என்ஜின் சுத்தாம இந்த நம்பர் நகராதும்மா."

"பதிமூணு மணி நேரம்" என்றாள் அவள். "பக்கத்து வயல் பம்பு ரூம்காரர் சொல்றாரு, மத்தியானத்துல உங்க வீட்டுக்காரர் வண்டிச் சத்தம் கேக்குதுன்னு. சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிறாரு. எங்க கொழுந்தனைக் கேட்டேன். தெரியாது அண்ணின்னு எழுந்து போயிட்டான். அவன் வண்டியைத் தொட்டே பதினொரு மாசம் ஆச்சு. நான் பேய் பிசாசை நம்பறவ இல்ல. ஆனா..." அவள் சிரிக்கப் பார்த்தாள். "அவருக்கு இந்த வண்டின்னா உசுரு இல்லையா."

என்ஜின் சூடாக இருந்ததை வாத்தியார் சொன்னார். அவள் சிரிப்பு அப்படியே முகத்தில் உறைந்து நின்றது.

"நாளைக்கு லீவு போடறேன்" என்றாள். "நீங்களும் வாங்க."

வாத்தியார் தலையாட்டிவிட்டு, ஏதாவது செய்ய வேண்டுமே என்று டார்ச்சை எடுத்துச் சிவப்பின் அடியில் குனிந்தார். குனிந்ததும், பதினொரு மாதமாகப் பார்க்க அஞ்சியதைப் பார்த்தார்.

டிராக்டருக்கு இடது சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலது சக்கரத்துக்கு ஒரு பிரேக். வயல் ஓரத்தில் வண்டியை ஒடித்துத் திருப்ப ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். சாலைக்கு ஏறினால் இரண்டு மிதிகளையும் ஒரு கொக்கி போட்டு ஒன்றாகப் பூட்டிவிட வேண்டும். பூட்டு கழன்ற நேரத்தில் வேகமாகப் போகும்போது ஒன்றை மட்டும் மிதித்துவிட்டால் வண்டி அந்தப் பக்கம் சுழன்று கவிழும். சிவப்பு மாடலில் அந்தக் கொக்கி மாட்டும் துளை சீக்கிரமே தேய்ந்து முட்டை வடிவமாகிவிடும். எழுதுவதற்கு முன்பே நாலு வண்டியில் அவர் அதைப் பார்த்திருந்தார். பார்த்தும் பிரேக்குக்கு எட்டு மார்க்குப் போட்டார். அந்த என்ஜின் மேல் அவருக்கு அப்படி ஒரு மயக்கம். அழகான பெண்ணுக்குச் சின்னதாக ஒரு கால் சாய்வு, அதைப் போய்ச் சொல்வானேன் என்று விட்டுவிட்டார்.

மிதியில் ஒரு துண்டுக் கட்டுக்கம்பி தொங்கியது. மூன்று முறுக்கு, முனையை உள்ளே மடித்து விட்ட முறுக்கு. கையெழுத்தை மறைத்தாலும் மறைக்கலாம், கம்பி முறுக்கும் கையை மறைக்க முடியாது. அது அவர் முறுக்கியது. நடுவில் தேய்ந்து அறுந்திருந்தது.

மறுநாள் பதினொரு மணியிலிருந்து இருவரும் கொட்டகையை ஒட்டிய உர மூட்டை அறையில் உட்கார்ந்திருந்தார்கள். தகரத்தில் ஒரு விரிசல். அதன் வழியாகச் சிவப்பின் மூக்கும் அதற்கப்பால் வயலும் தெரிந்தன. சீட்டுப் பக்கம் தெரியவில்லை. உரத்தின் காரம் கண்ணில் ஏறியது. பன்னிரண்டேமுக்கால் இருக்கும். காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. திடீரென்று, ஒரே சுற்றில், சிவப்பு ஸ்டார்ட் ஆயிற்று.

அவள் அவர் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சத்தத்தை அவர் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். ஒரு பிசிறு கிடையாது, தட்டல் இல்லை, இருமல் இல்லை. பதினொரு மாதம் செத்துக் கிடந்த வண்டி நேற்றுத்தான் உழுதுவிட்டு வந்து நின்றதுபோல் ஓடியது. வண்டியின் மூக்கு லேசாக அதிர்ந்தது. பக்கத்தில் ஆள் இல்லை.

"அவர்தான்" என்றாள் அவள், மூச்சுக்குள்.

அப்போது விரிசலின் ஓரத்திலிருந்து ஒரு முதுகு நகர்ந்து வயலுக்குள் போவது தெரிந்தது. அவள் கொழுந்தன். அவசரமில்லாமல் நடந்தான். வயலின் நடுவில் நின்று, கொட்டகைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, இல்லாத பயிரை அரிகிறவன்போல் கையை அசைத்தான். சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். சட்டென்று நிமிர்ந்தான். திரும்பி ஓடிவரத் தொடங்கினான். தலைதெறிக்க ஓடிவந்தான். வரப்பில் தடுக்கி விழுந்து, எழுந்து, ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தான். கொட்டகைக்குள் நுழைந்ததும் என்ஜின் நின்றது.

அவர்கள் வெளியே வந்தபோது அவன் பின் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணியைப் பார்த்தும் திடுக்கிடவில்லை.

"இன்னிக்கு வேலைக்குப் போகலியா அண்ணி?"

"என்ன தம்பி பண்றே?"

"ஓடி வர்றேன்" என்றான் அவன்.

அவள் அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசினான்.

"அன்னிக்கு நான் அந்த வயல்லதான் அரிஞ்சுக்கிட்டு இருந்தேன். அங்கேருந்து வாய்க்கால் வளைவும் இந்தக் கொட்டகை அளவு தூரந்தான். வாய்க்கால் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஒரே இடத்துல கேட்டுச்சு. அண்ணன் யார்கூடவோ பேசிக்கிட்டு நிக்குறாருன்னு நெனைச்சேன். மாப்பிள்ளையா இருந்தா கவுந்த உடனே செத்துருக்கும். சத்தம் நின்னுருக்கும். என்னடா நின்னுடுச்சேன்னு நான் ஓடிப் போயிருப்பேன். இது நிக்கல அண்ணி. அண்ணன் அடியில கெடக்காரு, இது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. இருபது நிமிஷம். நான் போயி ஸ்டாப்பைப் பிடிச்சு இழுக்குற வரைக்கும் ஓடுச்சு. பத்து நிமிஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பொழைச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னாரில்ல. அதான், ஓடி வந்தா எவ்வளவு நேரம் ஆகும்னு பாக்குறேன்."

"எவ்வளவு ஆகுது?" என்று அவள் கேட்டாள். ஏன் அதைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"குனிஞ்சு நிமிர்றது எல்லாம் சேத்து நாலு நிமிஷம்."

இருபது நிமிஷம் சாய்ந்து கிடந்தும், ஆயில் ஏறாமல் இறுகி நின்றுவிடாமல் ஓடியிருக்கிறது என்று வாத்தியார் நினைத்தார். வேறு எந்த என்ஜினும் தாங்கியிருக்காது. அந்த நேரத்திலும் மனசின் ஒரு மூலை அதை மெச்சியது. அந்த மூலையை நினைத்து அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"அது மட்டும் இல்ல" என்றான் கொழுந்தன். குரல் இப்போதுதான் உடைந்தது. "அன்னிக்குக் காலையில அண்ணன் சொன்னாரு, பிரேக்குல கட்டியிருக்கற கம்பி தேஞ்சுபோச்சு, வேற கட்டுடான்னாரு. சாயங்காலம் கட்டறேன்னுட்டுப் போயிட்டேன். நான்தான் அண்ணி. நான்தான்."

அவள் அவன் தோளில் கையை வைத்தாள். சரி, கிளம்பலாம் என்று வாத்தியாரின் கால்கள் சொல்லின. யாரும் அவரைப் பார்க்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பழி ஏற்கெனவே ஒருவன் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அது அங்கேயே இருக்கட்டும் என்று அவர் பேசாமல் போயிருந்தால் ஊர் அவரை இன்றைக்கும் வாத்தியார் என்றுதான் கூப்பிட்டிருக்கும்.

"அந்தக் கம்பி மாத்திக் கட்ட வேண்டிய கம்பி இல்லப்பா" என்றார். தன் குரல் யாருடையதோ போல் கேட்டது. "கட்டவே கூடாத கம்பி. அதைக் கட்டினது நான்."

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"கொக்கி நிக்க மாட்டேங்குதுன்னு உங்கண்ணன் கூப்பிட்டாரு. வந்து பாத்தேன். துளை தேஞ்சுபோயிருந்துச்சு. வண்டியை வெளிய எடுக்காதேன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. கம்பியால கட்டி, ஒரு வாரம் தாங்கும், புதுக் கொக்கி கொண்டுவந்து போடறேன்னு சொன்னேன்."

"எப்ப வந்தீங்க?" என்றாள் அவள்.

"வண்டி கவுறதுக்கு மூணு வாரம் முன்னாடி."

"புதுக் கொக்கி எங்க இருந்துச்சு?"

"எங்கயும் இல்லம்மா. வேணும்னு கடைக்கு எழுதிக்கூடப் போடல. மறந்துட்டேன்."

அந்த மாடல் எல்லாவற்றிலும் அந்தத் துளை தேயும் என்று தெரிந்தே எழுதாமல் விட்டதையும் சொன்னார். சொல்லச் சொல்லக் கொட்டகை சின்னதாகிக்கொண்டே போனது. கொழுந்தன் எழுந்து அவர் முன்னால் வந்து நின்றான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தார். அடித்தால் தேவலை என்றும் நினைத்தார். அவன் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வெளியே போய் வரப்பில் குந்தி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, பதினொரு மாதத்து அழுகையை அழுதான்.

அவள் அழவில்லை. "நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல" என்றாள். "எதை வச்சுக்கறது?"

"தங்கச்சி..."

"மார்க்குப் போடுங்க. இங்கயே, என் முன்னாடி."

நோட்டை எடுத்தார். சாம்பலை ஸ்டார்ட் செய்தார். ஹீட்டர் பொத்தானை அழுத்திப் பிடித்து, நாலாவது தடவை, புகை கக்கி எழுந்தது. ஹைட்ராலிக்கைத் தூக்கி இறக்கினார். அடியில் படுத்துப் பிரேக் கொக்கியைப் பார்த்தார். விரல் தடிமனுக்கு இரும்பு, துளையில் தேய்மானமே இல்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வாசித்துக் காட்டினார். ஸ்டார்ட்: சிவப்பு பத்து, சாம்பல் நாலு. ஹைட்ராலிக்: எட்டு, ஐந்து. பிரேக்: சிவப்பு பூஜ்யம், சாம்பல் ஒன்பது. அதற்குமேல் வாசிக்க அவள் விடவில்லை.

"இதை அப்படியே பத்திரிகையில போடுங்க. கம்பியையும் எழுதுங்க. யார் கட்டினதுன்னும் எழுதுங்க."

எழுதினார். பத்திரிகைக்காரர் போன் செய்து, "உங்க கழுத்துக்கு நீங்களே கயிறு திரிக்கிறீங்களே, வாத்தியாரே" என்றார். "ஒரு வரி விடாம போடுங்க" என்றார் இவர். அது வந்த மாதம் பத்தொன்பது பேர் தங்கள் சிவப்பில் துளை தேய்ந்திருப்பதாகக் கடிதம் போட்டார்கள். ஒருவர், தன் வண்டியிலும் கம்பிதான் கட்டியிருந்தது, ஸ்கூல் விட்டு வரும் மகளை அதில்தான் ஏற்றி வருவேன் என்று எழுதியிருந்தார். பட்டறைக்கு வருகிற வண்டிகள் பாதியாகக் குறைந்தன. கடைத்தெருவில் ஒருவர் முகத்துக்கு நேரே கொலைகாரன் என்றார். பக்கத்தை வேறு ஆள் எழுத ஆரம்பித்தார்.

சிவப்பின் என்ஜின் மட்டும் கிடைத்தால் போதும் என்று ஏழு பேர் அவளிடம் கேட்டு வந்தார்கள். யாருக்கும் கொடுக்கவில்லை. உடைத்து எடைக்குப் போட்டாள். அதற்கப்புறமும் பம்பு ரூம்காரர், மத்தியானத்தில் சத்தம் கேட்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டால் கேட்டதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லிவிட்டாள்.

அடுத்த உழவுக்குச் சாம்பலைத் தயார் செய்ய ஆள் வேண்டியிருந்தது. கொழுந்தன்தான் வந்து கூப்பிட்டான். "அண்ணி கூப்பிடச் சொல்லல. வேண்டாம்னும் சொல்லல" என்றான். வாத்தியார் மூன்று நாள் வேலை செய்தார். அவள் அவரோடு பேசவில்லை. மண்டிபோட்டு அவர் இறுக்கின ஒவ்வொரு போல்ட்டையும், அவர் எழுந்து போன பிறகு, தானும் ஒரு தடவை ஸ்பானர் போட்டுப் பார்த்தாள்.

நாலாம் நாள், அது அவளுக்கு லீவு நாள், கொழுந்தன் சாம்பலில் ஏறி உழ ஆரம்பித்தான். வாத்தியார் வரப்பில் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு உழவுச்சால் ஓடியது. மூன்றாவது சாலின் முடிவில், வயலின் கோடியில், ஒரு இருமல் இருமி வண்டி நின்றது. பில்டர் அடைத்துக்கொண்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அங்கே போகலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தார்.

வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. அவள் ஓடிவந்தாள். செருப்பில்லாமல், ஈரக் கையோடு, உழுத மண்ணில் கால் புதையப் புதைய, அவரைத் தாண்டி, அவர் நிற்பதையே பார்க்காமல் ஓடினாள்.

கொழுந்தன் என்ஜின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஓடிவருகிறவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

அவள் நின்றாள். மூச்சு வாங்கியது. அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள்.

"பத்து நிமிஷம் அண்ணி."

"செய்" என்றாள். புது உழவின் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்தாள். வண்டி மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.